சிங்கப்பூர் பெட்டியில் வந்த சினிமா பொம்மை: ராமநாதபுரம் கடற்கரையில் தேடுவோருக்கான கேள்வி பதில்

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் பழைய வெளிநாட்டுப் பொம்மைகளைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சினிமாப் பாத்திரங்களை வைத்துச் செய்த பொம்மைகளைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொம்மையை எடுத்துக்கொள்கிறேன். 1977ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இளவரசி லேயாவை வைத்து அமெரிக்காவின் கென்னர் கம்பெனி 1978ல் கொண்டுவந்த பெரிய அளவுப் பொம்மை அது. வெள்ளை கவுன், தலையின் இரண்டு பக்கமும் சுருட்டி வைத்த கொண்டை என்று சொன்னால் பலருக்கும் சட்டென்று பிடிபடும்.

சின்ன வயதில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பொம்மை பார்த்தேன். பெயர் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு நோட்டில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். இணையத்தைத் திறப்பது அப்புறம். இணையத்தில் நூறு படம் பார்த்துவிட்டால், உங்கள் நினைவில் இருந்த பொம்மை கலைந்து, கடைசியாகப் பார்த்த படம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

என்ன எழுத வேண்டும்? உயரம். ஒரு சாணுக்குள் அடங்கியதா, மேலா? முடி தனித்தனி இழையாகத் தலையில் நட்டு வாரக்கூடியதாக இருந்ததா, அல்லது தலையோடு சேர்த்து வார்த்து வண்ணம் அடித்ததா? உடுப்பு துணியால் தைத்ததா, உடம்போடு ஒட்டிய பிளாஸ்டிக்கா? கண் மூடித் திறந்ததா, வரைந்த கண்ணா? முழங்கால் மடங்கியதா? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. லேயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கென்னர் அவளை இரண்டு அளவில் விற்றது. ஒன்று மூன்றே முக்கால் அங்குலம்; முடியும் உடுப்பும் எல்லாம் வார்ப்பு, மேலே ஒரு மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் மேலங்கி. இன்னொன்று பதினொன்றரை அங்குலம். நட்ட முடி, தைத்த கவுன், வெள்ளி நிற பெல்ட், காலுறை, ஷூ, கூடவே சீப்பும் பிரஷும். கொண்டையை அவிழ்த்து வேறு விதமாகப் பின்னலாம் என்றுதான் சீப்பும் பிரஷும் கொடுத்தார்கள். “நான் அதுக்குத் தலை வாரி விட்டேன்” என்று ஒருவருக்கு நினைவிருந்தால், அது சின்ன பொம்மையாக இருக்கவே முடியாது.

அடுத்து, அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெண் அழைப்பு, மாப்பிள்ளை விருந்து என்று எடுத்த படங்களில் ஆட்களுக்குப் பின்னால் ஷோகேஸ் தெரியும். டீ செட், அத்தர் பாட்டில், பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து, நடுவில் பொம்மை. அந்த மூலையை மட்டும் போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை வைத்துத் தேடும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது.

நினைவைச் சரிபார்க்க அக்காவையோ அத்தையையோ கேட்கும்போது, “வெள்ளை கவுன் போட்டிருந்துச்சே, ஞாபகம் இருக்கா?” என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். “என்ன போட்டிருந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.

அமெரிக்கப் படத்தின் பொம்மை இந்தக் கடற்கரைக்கு எப்படி வந்திருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் நேரம் கொடுப்பேன். வந்த வழி தெரிந்தால் எந்தப் பொம்மையாக இருக்கும் என்பதும், இன்னொன்று எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொம்மையை நம் ஊர்க் கடையில் வாங்கவே முடியாது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதற்கு முன் வந்தவை பெரும்பாலும் ஆட்களின் பெட்டியில் வந்தவை.

முதல் வழி கிழக்கே. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்குப் பயணிகள் கப்பல் ஓடியது. 1970களில் அந்த வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றது. தொண்டி, தேவிபட்டினம், பனைக்குளம், பெரியபட்டினம் என்று இந்தக் கரை நெடுக சிங்கப்பூர், மலேசியாவில் கடை வைத்தவர்களும் வேலை பார்த்தவர்களும் உண்டு. கென்னரின் பெரிய பொம்மைகள் 1978 முதல் 1980 வரைதான் வந்தன. அந்த இரண்டு மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பிய ஒரு சபுராளியின் (வெளிநாடு போய்ச் சம்பாதித்து வருபவரின்) டிரங்குப் பெட்டியில் லேயா இருந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது வழி தெற்கே, சிலோன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு தலைமன்னார் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஓடியது. 1977க்குப் பிறகு இலங்கையில் இறக்குமதி தாராளமாகி, கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் ஜப்பான், ஹாங்காங் சாமான் குவிந்தது. அதே சமயத்தில்தான் இந்தப் பொம்மைகளும் உலகச் சந்தையில் இருந்தன. கீழக்கரைக்காரர்களுக்குக் கொழும்பு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வழி வளைகுடா. துபாய், சவுதி, குவைத்திலிருந்து 1980களின் பின்பாதியிலும் 1990களிலும் வந்தவை. இந்த வழியில் ஸ்டார் வார்ஸ் குறைவு, டிஸ்னி அதிகம். கடற்கன்னி ஏரியல், 1992ல் வந்த ‘அலாதீன்’ படத்தின் ஜாஸ்மின் மாதிரியானவை.

ஆக, வாப்பாவோ மாமாவோ எந்த வருடம், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று முதலில் கேளுங்கள். பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதில் உள்ள முத்திரைத் தேதி, பொம்மை பற்றிய எல்லோருடைய நினைவையும்விட நம்பகமானது.

முதுகில் ஆண்டு போட்டிருக்கிறது. அதுதான் பொம்மை செய்த வருடமா?

இல்லை. பெரும்பாலும் அது அச்சுக்கு உரிமை பதிந்த வருடம். இதைத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். மேட்டல் கம்பெனியின் பார்பி பொம்மைகளில் உடம்பில் 1966 என்று இருக்கும். அதே உடம்பு அச்சை அவர்கள் பல பத்து வருடம் பயன்படுத்தினார்கள். 1990களில் வாங்கிய பொம்மையை “1966 மாடல், அறுபது வருஷப் பழசு” என்று ஒருவர் விலை சொன்னால், அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

தலைக்குப் பின்னால் முடிக்குக் கீழே ஒரு குறி, முதுகிலோ இடுப்பிலோ இன்னொரு குறி என்று இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். கென்னர் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் இருக்கும். கென்னரின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மில்ஸின் பொம்மைப் பிரிவைக் குறிப்பது அது. பெரிய லேயாவில் 1978 என்ற ஆண்டும் ஹாங்காங் என்ற ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும். நம் வீடுகளில் “மலேசியா பொம்மை” என்பார்கள். வாங்கியது மலேசியா, செய்தது ஹாங்காங். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தேய்ந்து படிக்க முடியவில்லை என்றால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, நிழல் விழுந்ததும் எழும்பி நிற்கும்.

பழசு என்றாலே அரிதா?

கிடையாது. பெரிய லேயாக்களை நிறையவே செய்தார்கள். உடம்பு மட்டும் கிடைப்பது கஷ்டமில்லை. கொண்டை கலையாமல், பெல்ட், இரண்டு ஷூ, இரண்டு காலுறை, சீப்பு, பிரஷ் எல்லாம் சேர்ந்து கிடைப்பதுதான் அரிது. அதே பெரிய வரிசையில் கடைசியாக வந்த ஐ.ஜி. 88 என்ற ரோபோ, வரிசையே விற்பனை மந்தமாகி நிற்கப்போகும் நேரத்தில் குறைவாக வந்ததால் இன்று தேடப்படுகிறது. சின்ன அளவில் ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்துக்கு முதலில் பிளாஸ்டிக் மேலங்கி போட்டார்கள். இவ்வளவு சின்ன பொம்மைக்கு அது மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பிளாஸ்டிக் மேலங்கி ஜாவா இன்று சேகரிப்பாளர்களின் கனவு. கம்பெனி மனம் மாற்றிய இடம், வரிசை நின்றுபோன இடம், ஒரே ஒரு கடைக்கு மட்டும் செய்து கொடுத்த இடம் ஆகிய மூன்றிலும்தான் அரியவை பிறக்கின்றன.

சரி, எங்கே போய்த் தேடுவது?

நம் பக்கத்தில் முதல் இடம் ஷோகேஸ், இரண்டாவது மச்சு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பழைய வீடுகளின் மச்சில் டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படாமலே கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் அவை இறங்குகின்றன. அதனால் கொத்தனார்களிடமும் வீடு இடிக்கிற வேலையை ஒப்பந்தம் எடுப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். இறங்கிய சாமானில் பாதி காயலான் கடைக்குப் போகிறது. அங்கே இரும்புக்கும் பித்தளைக்கும் இருக்கிற மரியாதை பொம்மைக்குக் கிடையாது. உடைந்த பக்கெட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் மூட்டையில் கட்டிவிடுவார்கள். வாரம் ஒருமுறை ஒரு எட்டுப் போய் எட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். பழைய சாமான் எடுக்க சைக்கிளிலும் டிரைசைக்கிளிலும் தெருத்தெருவாகப் போகிறவர்கள்தான் உங்கள் உண்மையான கண்கள். அவர்களிடம் பொம்மையின் படத்தை அச்செடுத்துக் கொடுங்கள். போன் நம்பரைப் படத்தின் பின்னால் எழுதுங்கள்.

நவராத்திரியை விட்டுவிடாதீர்கள். ராமநாதபுரம் டவுனிலும் ராமேஸ்வரத்திலும் கொலு வைக்கும் வீடுகளில் கீழ்ப்படியில், பார்க் செட்டிலோ கல்யாண செட்டிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மை ஒன்று நின்றுகொண்டிருக்கும். வருடத்தில் பத்து நாள் மட்டும் வெளிச்சம் பார்த்து மற்ற நாளெல்லாம் துணியில் சுற்றி வைத்த பொம்மை அது. அதனால் நிறம் வெளுக்காமல் இருக்கும்.

வெளியூர் என்றால் சென்னை பர்மா பஜாரில் இப்போது பழைய பொம்மைக்கு வாய்ப்பு குறைவு. பழைய மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோனது. அங்கே கிடைத்த மாதிரி ஒரு இடம் சென்னையில் அப்புறம் அமையவில்லை. மும்பை சோர் பஜாரில் பழைய பொம்மை வியாபாரிகள் இருக்கிறார்கள், விலை தெரிந்தவர்கள். சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் பழைய சாமான் வாங்கி விற்கும் கேரோசல் செயலியில் தேடச் சொல்லுங்கள். சுங்கை ரோடு திருட்டுச் சந்தை என்று அவர்கள் சொல்லும் பழைய சந்தை 2017ல் மூடப்பட்டுவிட்டது. மலேசியாவில் பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மாலில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒருமுறை சுற்றிவரச் சொல்வது நல்ல யோசனை.

வீட்டில் போய் எப்படிக் கேட்பது? விரட்டிவிட மாட்டார்களா?

நேரே போய் “பழைய பொம்மை இருந்தா விலைக்குக் குடுங்க” என்றால் கதவு சாத்தப்படும். சாத்தவும் வேண்டும். அந்தப் பொம்மை கடையில் வாங்கிய சரக்காக அவர்கள் மனதில் இல்லை. இரண்டு வருடம், மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்த வாப்பா, பெட்டி திறந்து எடுத்துக் கொடுத்த பொருள் அது. சில வீடுகளில் அந்த வாப்பா இன்று இல்லை.

தெரிந்த பெண் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஷோகேஸும் மச்சும் வீட்டுப் பெண்களின் பொறுப்பில் இருப்பவை. பேச வேண்டியது ராத்தாவோடும் மாமியோடும். அஸர் தொழுகை முடிந்து சாயந்தரம் உட்கார்ந்து பேசுகிற நேரம் நல்லது. முதல் தடவை போகும்போது விலை பேச்சே எடுக்காதீர்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, யாருக்கு என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் தேநீர் வரும், பெட்டி தானே இறங்கும். பெட்டி இறங்கும்போது உங்கள் கண் பொம்மைக்கு மட்டும் போகக் கூடாது. பொம்மையின் ஷூவும் சீப்பும் பெரும்பாலும் தையல் டப்பாவில், பித்தான்களோடு கலந்து கிடக்கும். பெல்ட்டைப் பிள்ளைகள் வேறு பொம்மைக்குக் கட்டியிருப்பார்கள். இதை மெதுவாகக் கேட்டால் அவர்களே தேடி எடுப்பார்கள். அந்தத் தேடலில் அவர்களுக்கும் ஒரு சந்தோஷம் வந்துவிடும்.

விலைக்குக் கொடுக்க அவர்களே முன்வந்தால், போனில் உண்மையான விற்பனை விலையைக் காட்டிவிட்டுப் பேசுங்கள். ‘அவர்களுக்குத் தெரியாது, ஐநூறு ரூபாயில் முடித்துவிடலாம்’ என்ற எண்ணம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நம் ஊர் சின்ன ஊர். ஒரு வீட்டில் ஏமாற்றினால் அந்தத் தெரு முழுக்க உங்களுக்கு மூடிக்கொள்ளும். அதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவர் கப்பலில் சுமந்துவந்த பொருளுக்கு அதன் மதிப்பைச் சொல்வது நம் கடமை.

மண்டபம் முகாமில் விசாரிக்கலாமா?

வேண்டாம். இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது மிகக் கொஞ்சம். அதில் ஒரு குழந்தையின் பொம்மை இருந்தால் அது யாருடைய சேகரிப்புக்கும் உரியதல்ல. அவர்களாக வந்து கேட்டால் என்ன பொம்மை என்று சொல்லி உதவுங்கள், அவ்வளவுதான்.

விற்பவர் அசல் என்கிறார். எப்படி உறுதி செய்வது?

உடம்பைவிட உதிரிகளில்தான் போலி அதிகம். லேயாவின் பெல்ட், ஷூ, சீப்பு எல்லாம் புதிதாக வார்த்து விற்கப்படுகின்றன. வாங்குகிறவரிடம் “இது மறுவார்ப்பு” என்று சொல்லி விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் சிக்கல். ஜாவாவின் பிளாஸ்டிக் மேலங்கியிலும் இதே ஏமாற்று உண்டு. அதே படத்தின் இன்னொரு பாத்திரமான, அதிகம் கிடைக்கும் ஓபி-வான் பொம்மையின் மேலங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டிவிடுவார்கள். நிறத்தையும் கைத் துளையையும் அசல் படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இணையத்தில் வாங்கினால் நான்கு படம் கேளுங்கள்: கழுத்துக் குறி, முதுகுக் குறி, உள்ளங்கால், உடுப்பின் உள்பக்கத் தையல். அதோடு உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம். பொம்மை கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. மழுப்பினால் விட்டுவிடுங்கள். நீங்கள் விற்பவராக இருந்து, பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் கியூஆர் கோடு அனுப்பினால் அதை ஸ்கேன் செய்யவே கூடாது. பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

பெட்டியோடு வந்தால் அட்டையின் அச்சை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தக் கால ஆஃப்செட் அச்சில் படம் ஒழுங்கான நிறப் புள்ளி வரிசைகளாகத் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்ததில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறி இருக்கும்.

என்ன விலை கொடுக்கலாம்?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. உங்கள் பொம்மையின் நிலையை ஒத்த விற்பனைகளை எடுத்து நடுவிலுள்ள விலையை அளவாக வையுங்கள். பெட்டியில் முத்திரை பிரியாமல் தரச்சான்று வாங்கிய பொம்மையின் விலை, கொண்டை அவிழ்ந்து ஷூ இல்லாத பொம்மைக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு.

பொம்மை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கடல் காற்றால் கெட்டுவிட்டதா?

கடல் காற்றுக்கு வேறு குற்றங்கள் உண்டு, இது வெப்பத்தின் வேலை. பொம்மைகளில் வரும் மென்மையான வினைல் இயல்பில் கெட்டியான பிவிசி. அதை வளையச் செய்ய ஒரு எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். வருடக்கணக்கில், அதுவும் நம் ஊர் வெக்கையில், அந்தப் பொருள் மெல்ல மேலே கசிந்து வருகிறது. ஒரு வீட்டு ஷோகேஸில் பார்த்ததைச் சொல்கிறேன். பொம்மையைத் தூக்கினால் கண்ணாடித் தட்டில் இரண்டு பாதங்களும், விரல் நுனி வரை, எண்ணெய்த் தடமாகப் பதிந்திருந்தன. அந்தத் தடத்தில் தூசி படிந்து கறுத்து, துடைத்தாலும் போகாமல் நின்றது. பொம்மையின் கால் பாலிதீன் உறையில் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கசிந்தது வெளியேற வழியில்லாமல் பொம்மை மேலேயே தங்கி, கவுனிலும் ஏறி மஞ்சள் கறை போட்டுவிடும்.

அதனால் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். அமிலம் இல்லாத வெள்ளைத் தாளில், இல்லையென்றால் கஞ்சி போடாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் தளரச் சுற்றி, காற்றுப் போகும் பெட்டியில் வையுங்கள். நம் பக்கத்துப் பனை ஓலைப் பெட்டி இதற்கு நல்லது. மாதம் ஒருமுறை திறந்து பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பாச்சை உருண்டை மட்டும் போடவே போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

கடல் காற்றின் குற்றம் உலோகத்தில் தெரியும். உள்ளே இருக்கும் திருகு, மூட்டுக் கம்பி, ஹூக், பித்தான் எல்லாவற்றிலும் உப்பு ஈரம் ஏறி, துரு கசிந்து, வினைலில் காப்பி நிறக் கறை விழும். காதில் உலோகக் கம்மல் போட்ட பொம்மைகளில் செம்பு அரித்துக் காதைச் சுற்றிப் பச்சை படரும். அப்படிப்பட்ட கம்மலை இன்றே கழற்றித் தனியாக ஒரு சின்ன உறையில் வையுங்கள். பேசும் பொம்மை, விளக்கு எரியும் பொம்மை என்றால் பாட்டரியை முதலில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் வரும். அந்த மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நமத்ததும் மாற்றுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல், மேல்மாடித் தகரக் கொட்டகை, வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோ மூன்றும் பொம்மைக்கு ஆகாத இடங்கள்.

இன்னும் பழைய காலத்துப் பொம்மை, பர்மாவிலிருந்தோ சிலோனிலிருந்தோ வந்தது, எடையே இல்லாமல் மெல்லிய ஓடு போல இருந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். சட்டென்று தீப்பற்றும் பொருள். கொலுவில் சீரியல் லைட்டுக்கும் அகல் விளக்குக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அழுக்காக இருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவலாமா?

முழுப் பொம்மையைத் தண்ணீரில் முக்காதீர்கள். கழுத்து வழியாக உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராது. அதில் துருவும் பூஞ்சணமும் தொடங்கும். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, கண்ணிலும் உதட்டிலும் உள்ள வண்ணத்தைத் தவிர்த்து ஒற்றி எடுங்கள். நகப் பாலிஷ் ரிமூவர், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றும் முகத்தைக் கரைத்துவிடும்.

கவுனைத் தனியாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் மென்மையான சோப்புக் கலந்து ஊறவிட்டு, பிழியாமல் துண்டுக்குள் வைத்து அழுத்தி நிழலில் உலர்த்தலாம். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

கொண்டை அவிழ்ந்துவிட்டது. திரும்பச் சுற்றலாமா?

அவிழாத கொண்டை கிடைத்தால் சீப்பைத் தொடவே தொடாதீர்கள். அவிழ்ந்ததைச் சுற்றலாம், ஆனால் கம்பெனி சுற்றிய மாதிரி வராது. விற்கும்போது “கொண்டை மறுபடி போட்டது” என்று சொல்லிவிடுங்கள். சிக்கு இருந்தால் நுனியிலிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம். கெட்டு நாற்றமெடுத்து எறும்பைக் கூட்டும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம், தலைவலி உண்டு. பரிசு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லாமல் வந்துகொண்டிருந்த சலுகை 2019 டிசம்பரோடு முடிந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தர முத்திரை கட்டாயம் என்பதால் பார்சலை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்யவும் கட்டுப்பாடு உண்டு. பொம்மை விலையோடு வரியையும் தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள். ஊருக்கு வரும் சொந்தக்காரர் தன் உடைமையோடு கொண்டுவருவது எளிது. ரசீதைப் போனில் வைத்திருக்கச் சொல்லுங்கள், வரம்புக்கு மேல் போனால் சுங்கத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள். பெட்டியில் அடுக்கும்போது பொம்மை நடுவில், சுற்றிலும் துணி. பெர்ஃப்யூம் பாட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். உடைந்து கசிந்தால் முகத்து வண்ணம் போய்விடும்.

தேடிய பொம்மை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அம்மா தர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

தர வேண்டாம் என்றே சொல்லுங்கள். அப்புறம் பொம்மைக்கு நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. குறிகளைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். யார், எந்த வருடம், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒரு பிரதியைப் பொம்மையின் பெட்டியிலேயே போடுங்கள். அடுத்த தலைமுறை அதைத் திறக்கும்போது கையில் இருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாலிதீன் கவரை எடுத்துவிட்டுத் துணி சுற்றிக் கொடுங்கள். பாச்சை உருண்டை கிடந்தால் எடுத்துப் போடுங்கள். வெயில் படும் தட்டில் இருந்தால் கீழ்த் தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். காலுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து வையுங்கள். பெல்ட் இல்லையென்றால் நீங்கள் தேடிக் கிடைத்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அவர் தங்கை வீட்டிலோ எதிர் வீட்டிலோ அதே கப்பலில் வந்த இன்னொரு பொம்மை இருக்கலாம். ஒரே கடையில் இரண்டு மூன்று வாங்கி, அண்ணன் பிள்ளைக்கு ஒன்று, அக்கா பிள்ளைக்கு ஒன்று என்று கொடுப்பதுதான் வழக்கம். அதை அவரிடமே கேளுங்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அவருக்குப் பெயர் பெயராக நினைவிருக்கும்.